மதிலோரத்துக்குப் பூமரம் தேடுகிறவர்களுக்கு

மதில் எழும்பிய பிறகுதான் அந்த நிலம் கண்ணில் படுகிறது. மதிலுக்கும் முற்றத்துக்கும் நடுவே மூன்றடி அகலம், நாற்பதடி நீளம். சீமெந்துக் கட்டிகளும் உடைந்த சல்லியும் சிதறிக் கிடக்கும் வெறுந்தரை. முன்பு அந்த இடத்தில் வேலி நின்றது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நிற்க, கிடுகு கட்டி, அதன்மேல் முசுட்டையும் தூதுவளையும் படர்ந்திருந்தன. அதை யாரும் பூந்தோட்டம் என்று சொன்னதில்லை. வருடத்துக்கு ஒருமுறை வேலியடைப்பு நடக்கும். கதியாலைத் தறித்துக் குழையை ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் எடுப்பார்கள். மற்றபடி ஒரு வாளி தண்ணீர்கூட யாரும் அதற்கு ஊற்றியதில்லை.

இப்போது அதே இடத்துக்குக் காசு கொடுத்துப் பூக்கன்று வாங்கப் போகிறோம். போனவுடன் கடைக்காரரிடம் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, அதிகம் பார்க்கத் தேவையில்லாத கன்று ஏதும் இருக்கிறதா?"

கேள்வி நியாயமானது. இன்று யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் இருப்பவர்கள் வயது போன தாய் தகப்பன் மட்டுமே. பிள்ளைகள் கொழும்பில், லண்டனில், ரொறன்ரோவில். முழங்கால் வலியோடு தினமும் குழாயை இழுத்துத் தண்ணீர் விடவோ, மாதம் ஒருமுறை மருந்தடிக்கவோ அவர்களால் முடியாது. ஒருமுறை நட்டால் பல வருடம் நின்று பூக்கும் செடிதான் வேண்டும். ஆனால் இந்தக் கேள்விக்குக் கடையில் கிடைக்கும் பதிலை நம்பி வாங்கினால் பெரும்பாலும் ஏமாந்துதான் போவோம். பராமரிப்புக் குறைந்த செடி என்று எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு சாதி கிடையாது. கண்டியில் தன்பாட்டில் வளரும் செடிக்கு இங்கே வைத்தியம் பார்த்தே களைத்துப் போவோம். எங்கள் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் ஒரு செடியை என்ன செய்கின்றன என்று தெரிந்தால், எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

நான் இதைக் காசைக் கரைத்துத்தான் படித்தேன். மூன்று வருடங்களுக்கு முன், நல்லூர்த் திருவிழாக் காலத்தில், பதினொரு பைகள் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நான்கு எக்சோறா (வெட்சி), மூன்று ரோசா, இரண்டு ஆந்தூரியம், ஒரு டேலியா. கடைசியில் கடைக்காரர் இனாமாகத் தந்த கடதாசிப்பூ (போகன்வில்லா) கன்று ஒன்று. அந்தக் கடைசிக் கன்றைத் தவிர மற்ற எல்லாம் பூத்துக் குலுங்கின. ஐப்பசி மழை தொடங்கியபோது டேலியாவும் ஆந்தூரியமும் இருந்த இடம் தெரியவில்லை. ரோசாவில் ஒன்று மிஞ்சியது. எக்சோறா நான்கும் உயிரோடு நின்றன, ஆனால் பார்க்கச் சகிக்காத மஞ்சளில். கடதாசிப்பூ மட்டும் மதிலின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. இனி எழுதப்போவதெல்லாம் அந்தப் பதினொரு பைகளுக்கும் என்ன நடந்தது என்று தேடப் போய்த் தெரிந்துகொண்டவை.

உறங்கும் காலம் எது?

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா தன் வீட்டு வேலியோரப் பூப்பாத்தியைப் படமெடுத்து அனுப்புவார். ஒருமுறை வைத்தால் போதும், வருடாவருடம் தானாக வரும் என்பார். அங்கே பல்லாண்டுப் பூச்செடி என்றால் பொருள் தெளிவானது. பனிக்காலத்தில் தண்டும் இலையும் கருகிவிடும், வேர் மண்ணுக்குள் உறங்கும், வசந்தத்தில் திரும்ப முளைக்கும். ஹோஸ்டா, பியோனி போன்றவை அப்படிப்பட்டவை. பியோனிக்கு அந்தக் குளிர் இல்லாவிட்டால் மொட்டே பிடிக்காது. அந்தப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு இங்கே அதே செடியைத் தேடுவதில் பயனில்லை. அக்காவின் தோட்டத்துக்குப் பனி செய்யும் வேலையை எங்கள் தோட்டத்துக்குக் கோடை செய்கிறது.

எங்களுக்கும் உறங்கி எழும் செடிகள் உண்டு. கார்த்திகைப்பூ அதற்கு முதல் எடுத்துக்காட்டு. கலப்பை போல வளைந்த அதன் கிழங்கு கோடை முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும். மழைக்கு முளைத்து, இலை நுனியையே சுருட்டிப் பற்றுக்கம்பியாக்கி ஏறி, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, மழை ஓய்ந்ததும் வாடி மறைந்துவிடும். மழை லில்லியும் அப்படித்தான். முதல் மழை பெய்து சில நாட்களில், நேற்றுவரை வெறுமையாக இருந்த வரம்பில் வரிசையாகப் பூ நிற்கும். அந்திமந்தாரையின் தண்டு காய்ந்தாலும் அடியில் கிழங்கு இருக்கும். ஆனால் எங்கள் மதிலோரத்தை வருடம் முழுவதும் நிரப்பி நிற்கப்போவது இவை அல்ல. அந்த வேலைக்குக் கோடையிலும் இலை உதிர்க்காத, தண்டு முற்றிய குற்றுச்செடிகள் வேண்டும். ஆகவே கடையில் கேட்க வேண்டியது எத்தனை நாள் பூக்கும் என்பதல்ல. ஆடி மாதத்தில் இது எப்படி நிற்கும் என்று கேட்க வேண்டும்.

கேத்திலின் அடியில் இருக்கும் பதில்

என் எக்சோறா ஏன் மஞ்சளானது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மிக அதிகமாக விற்கும் கன்றுகளில் அதுவும் ஒன்று. அதை வாங்கியவர்களில் பலர் என்னைப் போலவே பசளை போதவில்லை என்று நினைத்துப் பசளையாகக் கொட்டுகிறார்கள்.

இலையை அருகில் வைத்துப் பார்த்தால் விடயம் விளங்கும். நரம்புகள் கரும்பச்சையாக, கோலம் போட்டதுபோலத் தெளிவாகத் தெரியும். நரம்புக்கும் நரம்புக்கும் இடையில் உள்ள பகுதி மட்டும் எலுமிச்சை மஞ்சளாக வெளிறியிருக்கும். அதுவும் நுனியில் வரும் இளம் இலைகளில்தான் முதலில் தெரியும். அடியில் உள்ள முற்றிய இலைகள் பச்சையாகவே இருக்கும். தழைச்சத்துக் குறைந்தால் இதற்கு நேர்மாறு: அடி இலைகள்தான் முதலில் முழுமஞ்சளாகும். இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்க நடுப்பகுதி வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறைவு.

இத்தனைக்கும் எங்கள் செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்தது. மண்ணில் இரும்பு இருக்கிறது, செடியால் எடுக்க முடியவில்லை. குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அதில் வலிகாமம் பகுதியின் செம்மண் அந்தக் கல்லின் மேல் ஒரு போர்வை. சில இடங்களில் நான்கைந்து அடி ஆழம், சில இடங்களில் அலவாங்கு போட்ட முதல் குத்திலேயே கல்லில் படும். சுண்ணாம்பு மிகுந்த மண் காரத்தன்மை உடையது. காரம் கூடக் கூட இரும்பு தண்ணீரில் கரையாத வடிவத்துக்கு மாறி, வேருக்கு எட்டாமல் போய்விடும். எக்சோறாவும் கார்டினியாவும் புளிப்பு மண்ணில் வாழப் பழகியவை. தெற்கின் ஈரவலய மண் அவற்றுக்குப் பொருந்துகிறது. எங்கள் மண் பொருந்தவில்லை.

மண்ணை மாற்றலாம் என்று நினைத்து ஒரு மூட்டை நல்ல மண்ணும் கூட்டெருவும் குழியில் போட்டேன். நான்கு மாதம் பச்சை திரும்பியது. பிறகு பழையபடி மஞ்சள். காரணம் குசினியிலேயே இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதே சுண்ணாம்பைத்தான் ஒவ்வொரு மாலையும் குழாய் வழியாகச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். எவ்வளவு அக்கறையாகத் தண்ணீர் விட்டேனோ அவ்வளவு வேகமாக மண் காரமானது. போதாக்குறைக்கு மதில் பூச்சிலிருந்து சிந்திய சீமெந்து வேறு. சீமெந்தும் சுண்ணாம்பு வழி வந்ததுதான். புதிதாக மதில் கட்டியவர்கள் கன்று வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, மதிலடியில் ஓரடி ஆழத்துக்கு வெட்டிக் கட்டிகளையும் சாந்தையும் பொறுக்கி அப்புறப்படுத்துவது. இதைச் செய்யாமல் மேலே செம்மண் பரப்பி மூடிவிட்டுப் போகும் மேசன்மார் நிறையப்பேர். மேலே பார்த்தால் அழகாக இருக்கும், கீழே செடிக்கு நஞ்சு.

கார மண்ணிலும் வேலை செய்யும் இரும்புக் கலவைகள் விற்கின்றன. இலைக்கும் தெளிக்கலாம். ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை மருந்து கேட்கும் செடியைப் பராமரிப்புக் குறைந்த செடி என்று எப்படிச் சொல்வது? எக்சோறாவில் ஆசை உள்ளவர்கள் ஒன்றைச் சாடியில் வைத்து மழைத்தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். பாத்தியில் வரிசையாக வைக்க வேண்டாம்.

தண்ணீரும் காற்றும் மதிலும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. தொகையைப் பார்த்தால் குறைவில்லை, லண்டனில் பெய்வதைவிட இரண்டு மடங்கு. ஆனால் அதில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மாசி தொடக்கம் புரட்டாதி வரை இடையில் ஒரு சித்திரை மழை தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. எனவே இங்கே ஒரு செடி இரண்டு நேர்மாறான சோதனைகளில் தேற வேண்டும். ஏழெட்டு மாதம் வறட்சியைத் தாங்க வேண்டும், பிறகு கார்த்திகையில் ஒரு கிழமை வேரில் தண்ணீர் நின்றாலும் அழுகாமல் இருக்க வேண்டும். பாலைவன ரோசா என்று விற்கும் அடீனியம் முதல் சோதனையில் முதல் மாணவன், இரண்டாவதில் தோற்றுவிடும். மழைக்கால வெள்ளத்தில் அதன் பருத்த அடி அழுகிவிடும். சாடியில் வைத்து மழைக்கு ஒதுக்கினால் நெடுங்காலம் நிற்கும்.

தினமும் தண்ணீர் ஊற்றலாம்தானே, கிணறு இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கிணற்று நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே நாற்பதடிக்கு உவர்நீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். ஆறில்லாத ஊர் இது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. மோட்டர் போட்டுப் பூப்பாத்திக்கு இறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அடுத்த வீட்டுக் குடிதண்ணீரில் கை வைப்பது என்றே நான் நினைக்கிறேன். பூவுக்காக அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

காற்று வேறு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் வீசும். வெயிலைவிட அந்தக் காற்றுத்தான் இலையின் ஈரத்தை உறிஞ்சுகிறது. என் ஆந்தூரியத்தைக் கொன்றது அதுதான். நிழலும் ஈரக்காற்றும் உள்ள இடத்துச் செடியை மதில் வெயிலில் வைத்தால் வேறென்ன நடக்கும்? டேலியாவுக்கு மலைநாட்டுக் குளிர் வேண்டும். வாங்கும்போதே அதன் ஆயுள் முடிந்திருந்தது.

மதில் செய்யும் மாற்றத்தை வேலிக்குப் பழகிய நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. கிடுகு வேலி காற்றை வடித்து விடும், நிழலாகவும் இருக்கும். கல்மதில் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவு எட்டு மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டு நிற்கும். மேற்குப் பார்த்த மதிலோரத்தில் மாலை வெயிலும் இந்தச் சூடும் சேர்ந்து விழும். இன்னொன்று, எங்கள் மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து வருவது. மதிலின் தென்மேற்குப் பக்கத்தில் இருக்கும் பாத்திக்கு ஊரெல்லாம் பெய்யும் மழையில் பாதிதான் கிடைக்கும். கன்று வாங்கப் போவதற்கு முன் ஒருநாள் காலை, மத்தியானம், மாலை என மூன்று முறை போய் அந்த இடத்தில் நின்று பாருங்கள். ஒரே மதிலின் இரண்டு முனைகளுக்கு இரண்டு விதச் செடி தேவைப்படலாம்.

கைவிடப்பட்ட வளவுகள் காட்டும் செடிகள்

எதை வாங்குவது என்பதற்கு நான் நம்பும் சோதனை ஒன்று உண்டு. ஆள் இல்லாத வளவுகளில் எது நிற்கிறது என்று பார்ப்பது.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலருக்குத் தங்கள் காணிக்குத் திரும்பக் கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. போர் முடிந்த பின் கட்டம் கட்டமாக நிலம் விடப்பட்டபோது உறவினர் ஒருவரோடு நானும் போனேன். கூரை இல்லை, யன்னல் இல்லை, கிணற்றுக்கட்டு இடிந்து கிடந்தது. பற்றையை வெட்டி உள்ளே போனபோது படலை இருந்த இடத்தில் கடதாசிப்பூ ஒன்று சுவரையும் தாண்டி வேம்பில் ஏறி ஊதா நிறத்தில் பூத்து நின்றது. கோடிப்பக்கம் வாள்போல இலை நீளும் மருள் ஒரு பரப்பாகப் பரவியிருந்தது. சாமியறை யன்னலுக்கு நேரே நந்தியாவட்டை. அந்த வீட்டு அம்மா அதன் இலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். அவர் கையால் நட்டது. இருபத்தைந்து வருடம் ஒருவரும் தண்ணீர் ஊற்றாத செடி. இதற்கு மேல் ஒரு சான்றிதழ் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நந்தியாவட்டையைத்தான் மதிலோரத்துக்கு முதுகெலும்பாக நான் சொல்வேன். ஒற்றையும் உண்டு, அடுக்கும் உண்டு. வெட்டினால் அடர்த்தியாகும், விட்டால் ஆளுயரம் தாண்டும். பாலுள்ள செடியாதலால் ஆடு வாய் வைப்பது அரிது. வருடம் முழுவதும் சாமிக்கு வைக்க நாலு பூ இருக்கும். ஐந்தடிக்கு ஒன்று வைத்தால் நாற்பதடி மதிலுக்கு எட்டுக் கன்று போதும்.

செவ்வரத்தையில் பழைய ஒற்றை இதழ்ச் சிவப்பைத் தேடி வாங்குங்கள். தட்டுப் போலப் பெரிய பூவும் இரட்டை நிறமும் உள்ள கலப்பினங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் அவை வலுக் குறைந்தவை. செவ்வரத்தைக்கு ஒரு தொல்லை உண்டு: கோடையில் நுனிகளில் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி பிடிக்கும். நுனியை ஒடித்து எரித்துவிட்டு, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மருந்துக்கடைக்கு ஓட வேண்டியதில்லை.

கடதாசிப்பூவுக்குத் தண்ணீர் கூடினால் இலை தழைக்கும், குறைந்தால் பூ நிறையும். நாங்கள் பூ என்று சொல்வது உண்மையில் நிறமேறிய இலைகள், நடுவில் இருக்கும் சிறு வெள்ளைக் குழாய்தான் பூ. மேற்கு வெயில் படும் மிக மோசமான மூலைக்கு அதை ஒதுக்குங்கள். படலைக்கு அருகே மட்டும் வேண்டாம். அதன் முள் பிள்ளைகளின் கண் உயரத்தில் நீளும்.

அவற்றின் காலடிக்குப் பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்றாலும் அதுதான். ஒரு செடியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம் என்றாலும் தன் விதையில் தானே முளைத்து இடத்தை விடாமல் காக்கும். இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் இந்தச் செடியிலிருந்து எடுத்த மருந்து என்பதை நினைக்கும்போதெல்லாம் அதன்மேல் எனக்கு மதிப்பு ஏறுகிறது. சிறிது நிழல் விழும் பக்கத்துக்குக் கனகாம்பரம். அதன் காய்ந்த கதிரில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில கணத்தில் பட்டென்று வெடித்து விதை நாலு பக்கமும் தெறிக்கும். முதல் மழைக்கு அது தானே தன்னை விதைத்துக்கொள்ளும் முறை அது. சிறுவயதில் அந்தக் கதிரை நாவில் தொட்டு ஈரப்படுத்தி வெடிக்க வைத்தது இன்றும் நினைவிருக்கிறது.

பூவில்லாமல் இலைக்காகவே வைக்கக் குறோட்டனும் மருளும். கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடும் பக்கம் இருந்தால் கல்வாழை வையுங்கள். அங்கே அது தன்பாட்டில் பெருகும், வேறிடத்தில் தண்ணீர் கேட்டு நச்சரிக்கும். வடமராட்சிக் கரையோரம் போன்ற மணல் நிலத்தில், உப்புக்காற்று படும் இடத்தில், விஷமூங்கில் நன்றாக வரும். நீண்ட வெள்ளை இதழ், இரவில் வாசம்.

பழைய வேலிச்செடிகளையும் மறக்காதீர்கள். ஆடாதோடை, நொச்சி, பாவட்டை ஆகியவற்றைப் பூக்கன்றுக் கடையில் பெரும்பாலும் காணமுடியாது. ஒழுங்கை வேலியில் ஒரு தடி ஒடித்து ஊன்றினால் ஆடாதோடை வந்துவிடும். பாவட்டையின் வெள்ளைப் பூங்கொத்து எக்சோறாவுக்குச் சொந்தக்காரன் போலவே இருக்கும், ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது. ஊர்ச்செடி மட்டும்தான் நல்லது என்று நான் சொல்லவில்லை. கடதாசிப்பூ தென்னமெரிக்காவிலிருந்தும் பட்டிப்பூ மடகஸ்காரிலிருந்தும் வந்தவை. எங்கிருந்து வந்தது என்பதைவிட இந்தச் சுண்ணாம்போடும் கோடையோடும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி.

மூன்றை மட்டும் யோசித்து வையுங்கள். அலரி எந்த வறட்சிக்கும் அசையாது, ஆனால் செவ்வலரியும் மஞ்சள் அலரியும் முழுச் செடியும் நஞ்சு. பிள்ளைகள் ஓடித் திரியும் முற்றத்தில் எனக்கு அது வேண்டாம். கார்த்திகைப்பூக் கிழங்கும் கொடிய நஞ்சு. வைப்பதென்றால் மரவள்ளியோ இராசவள்ளியோ கிண்டும் இடத்துக்குத் தூரமாக வையுங்கள். நாயுண்ணி வண்ண வண்ணமாகச் சாடியில் விற்கும். குருவி அதன் பழத்தைத் தின்று ஊரெல்லாம் பரப்பிவிடும், பிறகு பிடுங்கி மாளாது.

எத்தனை விதம் வாங்குவது என்பதிலும் நாங்கள் தவறு விடுகிறோம். அழகாக இருக்கிறது என்று விதத்துக்கு ஒன்றாக இருபது விதம் வாங்கினால் இருபதுக்கும் தனித்தனிப் பராமரிப்பு. நான்கு விதம் எடுத்து ஒவ்வொன்றையும் கூட்டமாக வையுங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. கூட்டமாக நிற்கும் செடிகள் ஒன்றின் அடியை மற்றொன்று நிழலாக்கி மண் காயாமல் காக்கும், புல்லுக்கும் இடம் கொடாது.

கடையில் நிற்கும்போது

பூத்திருக்கும் கன்றை எடுக்காதீர்கள். நிழல்வலைக்குக் கீழே தினமும் இருமுறை தண்ணீர் குடித்துப் பூத்த செடி அது. இருக்கும் பலத்தையெல்லாம் பூவில் போட்டுவிட்டது, வேர் விட ஒன்றும் மிச்சமில்லை. நிழல்வலைக்கு வெளியே, வெயில் படும் ஓரத்தில், கொஞ்சம் தூசி படிந்து, இலை சிறிதாகத் தடிப்பாக நிற்கும் கன்று ஒன்று இருக்கும். அதை எடுங்கள்.

பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். வெள்ளை வேர் ஓரிரண்டு எட்டிப் பார்த்தால் நல்லது. தடித்த பழுப்பு வேர் பையைக் கிழித்துத் தரையில் இறங்கியிருந்தால் அந்தக் கன்று அங்கே அதிக நாள் இருந்துவிட்டது. பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும், நட்ட பிறகும் அந்தச் சுற்றை விட்டு வெளியே வர மறுக்கும். கன்றின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்க்கலாம். பைமண்ணோடு சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்திருக்கிறது, தண்டு மட்டும் தனியாக ஆடினால் நேற்று ஊன்றிய தடி.

பையில் இருப்பது என்ன என்றும் கேளுங்கள். வெளிமாவட்டங்களிலிருந்து லொறியில் வரும் கன்றுகளில் பல முழுக்க முழுக்கத் தும்புச்சோற்றில், அதாவது தென்னந்தும்புத் தூளில், வளர்ந்தவை. பாரம் இல்லாததால் ஏற்றி இறக்கச் சுலபம். ஆனால் அதை அப்படியே எங்கள் செம்மண்ணில் நட்டால், தும்புச்சோறு காய்ந்து சுருங்கிச் சுற்றியுள்ள மண்ணோடு ஒட்டாமல் தனிக் கட்டியாக நிற்கும். மேலே ஊற்றும் தண்ணீர் சுற்றிவர ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்திருக்கும். என் ரோசாக்கள் இரண்டு அப்படித்தான் பட்டுப்போயின. தோண்டிப் பார்த்தபோது சுற்றுமண் ஈரமாக இருந்தது, வேர்க்கட்டி பொடிபோல உலர்ந்திருந்தது. இப்படிப்பட்ட கன்றை நடுவதற்கு முன் வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை அமிழ்த்தி, வெளிப்புறத் தும்பைக் கையால் உதிர்த்துவிட்டு நட வேண்டும்.

முடிந்தால் சின்னக் கன்றை வாங்குங்கள். மூன்றடிக் கன்றுக்கும் ஓரடிக் கன்றுக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டு மாரி கழிந்தால் உயரத்தில் வேறுபாடு இருக்காது.

மாதம்

எங்களுக்கு ஆசை வரும் காலமும் மண் தயாராகும் காலமும் வேறு வேறு. ஆடி ஆவணியில் திருவிழா, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகை, வீட்டுக்கு வர்ணம் பூசுவது எல்லாம் ஒன்றாக வரும். அப்போதுதான் மதிலோரத்தில் பூ வேண்டும் என்று தோன்றும். வருடத்திலேயே கன்று நட மிக மோசமான காலம் அது. அந்தப் பதினொரு பைகளில் பாதியை நான் இழந்ததற்குச் செடித் தெரிவு பாதிக் காரணம், மாதம் மற்றப் பாதி.

ஆடியில் கன்று பார்க்கப் போங்கள், வாங்க வேண்டாம். ஒழுங்கைகளில் நடந்து, அந்தக் காய்ச்சலில் யார் வீட்டு மதிலோரம் பச்சையாக இருக்கிறது என்று பாருங்கள். படலையில் நின்று கூப்பிட்டு, "அக்கா, இந்தக் கன்றுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை என்பதுதான் பதிலாக இருக்கும். மழை தொடங்கியதும் வந்து தடி வெட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். அந்தத் தடி இந்த மண்ணிலும் இந்தத் தண்ணீரிலும் தேறிய தாய்ச்செடியின் தடி.

புரட்டாதியில் குழியை வெட்டி வையுங்கள். பூவரசங்குழையைத் தாழ்ப்பது எங்கள் தோட்டக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. குழியின் அடியில் குழையும் மாட்டெருவும் போட்டு மூடி விட்டால் மழை வருவதற்குள் மக்கத் தொடங்கிவிடும். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஒரு முழம் நனைந்ததும் நடுங்கள். வட மாகாணத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடுவதற்குக் காரணம் இதுதான். அடுத்த இரண்டு மாதம் வானம் தண்ணீர் ஊற்றும், வேர் ஆழப் போகும். மதில் அத்திவாரத்திலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி நடுங்கள். ஒட்டி நட்டால் மழையும் கிடைக்காது, பிறகு மதிலுக்கு வெள்ளை அடிக்கவும் இடமிருக்காது.

முதற்கோடைதான் கண்டம். பராமரிப்பே வேண்டாத செடிக்கும் முதல் வருடம் ஆள் வேண்டும். மாசியிலிருந்து கிழமைக்கு இரண்டு முறை, ஒரு கன்றுக்கு ஒரு வாளி, அடியில் மெதுவாக. தினமும் ஒரு செம்பு தெளிப்பது உதவாது. மேல்மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடியைச் சுற்றி நாலு அங்குலத் தடிப்புக்குச் சருகோ தும்போ போட்டு மூடுங்கள், தண்டில் முட்டாமல் ஒரு கையகலம் விட்டு. முட்டினால் கறையான் ஏறும். இரண்டாம் கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை போதும்.

என் மதிலோரம் இப்போது மூன்றாம் கோடையைப் பார்க்கிறது. எக்சோறாக்களைக் கிளப்பிச் சாடிக்கு மாற்றிவிட்டேன். அந்த இடத்தில் நந்தியாவட்டை ஐந்தும், பக்கத்து வீட்டு அம்மா ஈரச்சாக்கில் சுற்றித் தந்த செவ்வரத்தைத் தடியில் வந்த மூன்றும் நிற்கின்றன. கடதாசிப்பூ மதிலுக்கு மேலால் ஒழுங்கைப் பக்கம் சாய்ந்துவிட்டது. போன கிழமை பின்வீதியிலிருந்து ஒரு தம்பி வந்து அதில் தடி கேட்டார். ஐப்பசியில் வரச் சொல்லியிருக்கிறேன்.